செவ்வாய், வியாழன் மாலையில் எனக்கு மீட்டிங் கிடையாது

வணக்கமுங்க, எல்லாரும் சௌக்கியந்தானுங்களே? மைக்கில் இரைச்சல் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற காற்று கோவைப் பக்கத்து எங்கள் அன்னூர் வரைக்கும் வந்து, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியை எல்லாம் உருவிக்கொண்டு போகிறது. ஆனாலும் உடம்பை அசைக்க இந்த மாதம் போல நல்ல மாதம் எங்கள் பக்கம் கிடையாது. வெயில் உறைக்காது, வேர்வை உடனே காய்ந்துவிடும்.

இன்றைக்குப் பேசப் போவது என்னைப் போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்காக. செவ்வாய், வியாழன் மாலையில் நான் ஆடப் போகிற வள்ளி கும்மி வரைக்கும் பேச்சு போகும். என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பதெல்லாம் எந்த வாட்ச் நல்லது, எந்த ஆப் நல்லது, ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்கலாமா என்றுதான். வாங்குவது உங்கள் விருப்பம். ஆனால் வாட்ச் எண்ணத்தான் செய்யும், நடக்க வேண்டியது நீங்கள்தான். ஒரு நாளைக்கு 10,000 அடி என்று எல்லா வாட்சும் சொல்கிறதே, அந்தக் கணக்கு டாக்டர்கள் ஆராய்ந்து சொன்னது இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி நடையை எண்ணும் கருவியை விற்றபோது, அந்த எண்ணையே கருவியின் பெயரில் வைத்தது. அது அப்படியே உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதைவிடக் குறைவாக நடந்தாலே நல்ல பலன் இருக்கிறது என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் 6,000 காட்டுகிறதே என்று ராத்திரி படுக்கும்போது யாரும் வருத்தப்பட வேண்டாம்.

நான் முக்கியமாக நினைக்கிற ஆய்வு ஒன்று இருக்கிறது. 1953இல் லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் தன் குழுவோடு சேர்ந்து வெளியிட்டது. அங்கே அப்போது ஓடின மாடி பஸ்களில் டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே வண்டி. ஆனால் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தாலும் கடுமை குறைவாக இருந்தது. கண்டக்டர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார், டிரைவர் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. காந்திபுரத்திலிருந்து அன்னூர் வருகிற டவுன் பஸ்ஸில் நீங்களே பார்க்கலாம். அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் முன்படிக்கும் பின்படிக்கும் எத்தனை தரம் போய் வருகிறார் கண்டக்டர்! சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கத்து ஆபீஸ்களில் இருக்கிற நாம் எல்லாரும் டிரைவர் சீட்டில்தான் இருக்கிறோம். அவருக்காவது கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதிக்கிற வேலை இருக்கிறது.

இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுப்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். நம்மவர்களுக்குப் பெரிய உடம்பு இல்லாமலேயே, சின்ன வயதிலேயே வருகிறது. தொடையும் கெண்டைக்காலும் வேலை செய்யும்போது, ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இன்சுலினை எதிர்பார்க்காமலேயே தசை இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்தே இருந்தால் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. மதியம் அரிசியும் பருப்பும் சோறு நெய் விட்டுச் சாப்பிட்டு அப்படியே நாற்காலிக்குப் போகாமல், ஒரு பத்து நிமிடம் நடந்துவிட்டுப் போங்கள். அந்தச் சோறு காட்டு வேலை செய்தவர்களுக்காக ஆக்கினது. சோற்றை விட வேண்டியதில்லை, நடையைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அடுத்து, எல்லாரும் பேசுகிற ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு. 2021இல் புரோகிராம் எழுத உதவுகிற கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவி முன்னோட்டமாக வந்தபோது, நாம் அடித்துக்கொண்டிருக்கிற வரிக்கு அடுத்து என்ன வரும் என்று ஊகித்துச் சொல்லும், அவ்வளவுதான். இப்போது ஒரு வேலையை முழுதாக ஒப்படைக்கலாம். அதுவே ஃபைல்களைத் திறந்து படிக்கிறது, புரோகிராம் கோடு எழுதுகிறது, டெஸ்ட் ஓட்டுகிறது, தப்பு வந்தால் திருத்துகிறது. என் வேலை போய்விடுமா என்று கேட்காதவர்கள் இல்லை. வேலையின் தன்மை மாறிவிட்டது என்பதுதான் நான் கண்டது. முன்பு விரல் ஓடியது, இப்போது கண் ஓடுகிறது. அது எழுதின நானூறு வரியைப் படித்து, இதை விட்டால் வாடிக்கையாளரின் குடோனில் இருப்புக் கணக்கு பிசகுமா என்று பார்க்க வேண்டும். எழுதுவதைவிடப் படிப்பதில் உடம்பு இன்னும் இறுகிப்போகிறது. கழுத்து முன்னால் நீளும், இமைக்கிறதே குறையும், மணிக்கட்டுகூட அசையாது.

ஆனால் அதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. ஏஐயிடம் வேலையைக் கொடுத்தால் அது முடிக்க இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் எல்லாரும் போனை எடுக்கிறார்கள். நான் எழுந்து நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவேன், ஜன்னல் பக்கம் போய்த் தூரத்தில் இருக்கிற தென்னை மரத்தைப் பார்ப்பேன். 20 நிமிடத்துக்கு ஒரு தரம், 20 அடி தள்ளி இருக்கிற பொருளை, 20 விநாடி பார்க்கச் சொல்லிக் கண் டாக்டர்கள் சொல்கிறார்களே, அதற்கு அலாரமே வேண்டாம், வேலையே இடைவெளி கொடுக்கிறது. காலையில் நடக்கிற 15 நிமிட மீட்டிங்கையும் எங்கள் டீமில் எல்லாரும் நின்றுகொண்டேதான் பேசுகிறோம். இருபதாவது நிமிடத்தில் யாரும் கதை அளப்பதில்லை.

ஒரு பிரச்சினையை எப்படிப் பிரித்து எடுத்துச் செய்யலாம் என்று யோசிக்கிறபோது நான் உட்காருவதே இல்லை. குளக்கரைக்குப் போய்விடுவேன். 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் போட்டுப் பவானி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவருகிற அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை 2024இல் தொடங்கி வைத்தார்கள். எங்கள் பக்கத்துக் குளத்திலும் இப்போது தண்ணீர் நிற்கிறது. கரையில் நடக்கவே ஆசையாக இருக்கிறது. 2014இல் ஸ்டான்ஃபோர்டில் இருவர் செய்த ஆய்வில், நடக்கும்போது புதுப் புது யோசனைகள் அதிகம் வருவதைக் கண்டார்கள், வெற்றுச் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தாலும்கூட. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைத் தேட வேண்டிய கணக்குக்கு நடை உதவவில்லை. என் அனுபவமும் அதேதான். டிசைன் செய்ய நடப்பேன். பக், அதாவது கோடில் இருக்கிற பிழையைப் பிடிக்க உட்கார்ந்தே ஆக வேண்டும்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் தனியாகச் செய்கிறது. தனியாகச் செய்கிறதை வேலை நெருக்கினால் முதலில் விட்டுவிடுவோம். ஜிம்முக்குப் போகாவிட்டால் கேட்க ஆள் கிடையாது. வள்ளி கும்மிக்குப் போகாவிட்டால் அடுத்த நாள் பால் வாங்கப் போகிற இடத்தில் நாலு பேர் கேட்பார்கள், "ஏன் அம்மணி, நேத்து காணோம்?" என்று.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாடி ஆடுகிற கும்மி. தினைப்புனம் காக்கிற வள்ளி, வேடனாகவும் கிழவனாகவும் வருகிற முருகன், கடைசியில் யானை. ஆசிரியர் மைக்கில் ஓர் அடி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடிக்கொண்டே அடி வைக்க வேண்டும். சாயங்காலம் கோயில் மைதானத்தில் பயிற்சி. பள்ளிக்கூடப் பிள்ளையும் பேரன் எடுத்த அத்தையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். முதலில் எல்லாரும் கையைத்தான் பார்ப்போம். எங்கள் ஆசிரியர் அதற்கு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "கால் போகட்டும் அம்மணி, கை தானா வரும்."

அந்தக் காலை எப்படி வைக்கிறோம் பாருங்கள். வலது கால் முன்னே, முழங்கால் மடங்கும், இடுப்பு வளையும், தரைக்குப் பக்கத்தில் ஒரு கைதட்டு. நிமிர்ந்து பாதி சுற்று, மேலே ஒரு கைதட்டு, அப்புறம் பின்வாங்கி அடுத்த ஆளின் இடத்துக்கு நகர வேண்டும். மெதுவாகத் தொடங்கும். மேளம் வேகம் பிடிக்கப் பிடிக்கப் பாட்டும் ஏறும். பாடிக்கொண்டே ஆடுவதால் மூச்சைச் சரியாகப் பங்கிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அடியைப் பாட வராது. பகல் முழுக்க முன்னால் வளைந்து கிடந்த முதுகு குனிந்து, நிமிர்ந்து, திரும்பி எல்லாத் திசையிலும் வேலை செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பாவது வேண்டும் என்கிறது. ஒன்றரை மணி நேரமாக இரண்டு மாலை ஆடினாலே 180 ஆகிவிட்டது. இதுபோக, வாரம் இரண்டு நாள் தசைக்குப் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறார்கள். தோளுக்கும் மேல்முதுகுக்கும் கும்மி போதாது, அதற்கு வீட்டில் டம்பெல் வைத்திருக்கிறேன்.

கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 87 வயதில், 2024ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அறிவித்தார்கள், வள்ளி ஒயில் கும்மிக்காக. ஆண்கள் ஆடி வந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர். நான் இன்றைக்கு மைதானத்தில் நிற்கிறேன் என்றால் அவரைப் போன்றவர்கள்தான் காரணம். அதனாலேயே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் கும்மியோடு சாதிப் பெருமையையும் சேர்த்துப் பாடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. யார் வந்தாலும் வரிசையில் சேர்த்துக்கொள்கிற குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.

இனி நேரம். எங்கள் வாடிக்கையாளர் நியூயார்க். அங்கே காலை 9 மணி என்றால் இப்போது நமக்கு மாலை 6:30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவார்கள், அப்புறம் அதே மீட்டிங் நமக்கு 7:30க்கு வரும். எங்கள் பயிற்சி தொடங்குகிறதும் 7:30க்குத்தான். அதனால் செவ்வாய், வியாழன் 7:30க்கு மேல் வர முடியாது, கும்மிப் பயிற்சி இருக்கிறது என்று மேனேஜரிடம் நேராகவே சொன்னேன். காலண்டரிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அந்த இரண்டு நாள் விவரத்தை எழுத்தில் அனுப்பிவிடுகிறேன், வேலை நிற்கவில்லை. அமெரிக்கக்காரர்கள் கும்மி வீடியோ கேட்டு வாங்கிப் பார்த்தார்கள்.

கம்பெனி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் பார்த்தால் ஒரு வேண்டுகோள். ஜிம் கார்டு கொடுக்கிறீர்கள், நடைப் போட்டி வைக்கிறீர்கள், சந்தோஷம். அதே ஆளுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மீட்டிங் போட்டால் அந்தக் கார்டை அவர் எப்போது எடுப்பார்? வாரத்தில் இரண்டு மாலையை விட்டுக்கொடுங்கள், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த வீடியோவில் முதல் மூன்று அடிகளை மெதுவாக ஆடிக் காட்டுகிறேன், ஆசிரியரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. முழங்கால் வலி இருக்கிறவர்கள் குனிகிற அடியை எப்படி மாற்றிக்கொள்வது என்றும் அவரே சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். அவிநாசி, கோபி, பல்லடம் பக்கம் எங்கே பயிற்சி நடக்கிறது, எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், ஐடி வேலை பார்க்கிற நிறையப் பேர் அந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். வரட்டுங்களா.