தொடையில் ஒரு வீக்கம்

வணக்கம் நேயர்களே. நான் ஸ்கேன் படம் பார்த்துச் சொல்கிற வைத்தியர். தொடை வீக்கம் வெறும் இரத்தக்கட்டா, புற்றுநோய்க் கட்டியா என்று எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் இன்றைய பேச்சு. தொடையில் வீக்கத்தோடு வருகிறவரிடம் எப்படி வந்தது என்று கேட்டால் அநேகமாக ஒரு கதை இருக்கும். புறக்கோட்டையில் சுமை தூக்கும் நாட்டாமைக்கு மூட்டை சரிந்த கதை, வெள்ளவத்தை ஒழுங்கையில் கிரிக்கெட் ஆடும் பையனுக்குப் பந்து பட்ட கதை. கேட்டுக்கொள்வேன், முழுதாக நம்பமாட்டேன். தொடை எங்காவது இடிபடாமல் இருக்குமா? ஏற்கெனவே இருந்த கட்டி, இடிபட்ட அன்றுதான் கையில் தட்டுப்பட்டிருக்கலாம்.

தசைக்குள் இரத்தம் கசிந்தால் வீக்கம் சீக்கிரமே வரும், வலிக்கும். பிறகு தோல் கன்றி நீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்குச் சின்ன அடியே போதும். எப்படி வந்தாலும், வாரங்கள் போகப்போகப் பெரும்பாலும் வற்றிவிடும்.

சார்கோமா என்ற புற்றுநோய்க் கட்டி வற்றாது. மெல்ல வளரும். பலருக்கு வலியே இருக்காது, அதனால் எண்ணெய் பூசி உருவிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்துவிடுவார்கள். மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும், பாவம். பெரிய தேசிக்காயைத் தாண்டினால், அதாவது 5 சென்ரிமீற்றருக்கு மேல் போனால், அல்லது ஆழத்தில் இருந்தால், காட்டியே ஆகவேண்டும். தையல் நாடாவால் அளந்து திகதியோடு எழுதிக்கொண்டு வாருங்கள். மூட்டை சரிந்த கதையைவிட எனக்கு அது உதவும்.

சரி, எங்களுக்கே குழப்பம் எங்கே வருகிறது? கட்டிக்குள்ளும் இரத்தம் கசியும். ஊசியால் இழுத்தால் இரத்தம்தான் வரும், இரத்தக்கட்டு என்று விட்டுவிடத் தோன்றும். எம்.ஆர்.ஐ. படத்தில் பழைய இரத்தத்தின் இரும்புச்சத்து ஓரத்தில் கறுப்பு வளையமாகத் தெரியும். அதை மட்டும் பார்த்து நிம்மதிப்பட முடியாது. இரத்த ஓட்டமுள்ள இடத்தைப் படத்தில் ஒளிரவைக்கும் கடோலினியம் மருந்தை நாளத்தில் ஏற்றி மறுபடி எடுப்போம். வெறும் இரத்தத்துக்குள் மருந்து போகாது, ஓரம் மட்டும் மெல்லியதாக ஒளிரலாம். உள்ளே முடிச்சுப் போல ஓரிடம் ஒளிர்ந்தால், அங்கே உயிருள்ள கட்டித் திசு இருக்கிறது என்று சந்தேகிப்பேன். ஒளிராவிட்டாலும் சில வாரங்களில் திரும்ப வரச் சொல்வேன்.

புற்றுநோயா என்று சோதிக்கத் திசுத் துணுக்கை அந்த முடிச்சிலிருந்தே எடுக்கவேண்டும். ஊசி எந்த வழியாகப் போகவேண்டும் என்பதை, பிறகு சத்திரசிகிச்சை செய்யப்போகிறவரோடு பேசித்தான் தீர்மானிப்போம். ஊசி போன வழியில் புற்றுநோய்க் கலங்கள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுக்க வேண்டி வரலாம். ஆகவே யாராவது சின்னதாகக் கீறி இரத்தத்தை எடுத்துவிடுவோம் என்றால், ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.