ஒரே தாலி, ரெண்டு வீட்டு சாமி: கொடைக்கானல் கல்யாணம்

வணக்கம் மக்களே! கொடைக்கானல்ல இருந்து பேசுறேன். பின்னாடி பந்தல் பிரிக்கிறாங்க, சத்தத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கங்க. நேத்துதான் எங்க பெரியம்மா பொண்ணுக்குக் கல்யாணம். அக்கா கத்தோலிக்கம். மச்சான் பழனிக்காரர், முருகனுக்கு வருஷா வருஷம் காவடி எடுக்கிற குடும்பம். ரெண்டு பேருமே மதம் மாறல. அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

தேதி குறிக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. ஆடியும் மார்கழியும் அவங்களுக்கு ஆகாது. ஈஸ்டருக்கு முந்தி வர்ற தவக்காலத்துல நாங்க கல்யாணம் வைக்கிறதில்ல, பங்குனி பெரும்பாலும் அதுலயே போயிடும். கடைசில தை மாசம்தான் தோதா அமைஞ்சது. குளிர்னா குளிர்! மச்சானோட அப்பத்தா பட்டுச்சேலை மேல ஸ்வெட்டர் போட்டு, அதுக்கு மேல கம்பளியும் போத்திக்கிட்டாங்க.

விடிஞ்சதும் குறிஞ்சியாண்டவர் கோயில். 1936ல அந்தக் கோயிலைக் கட்டுனது லீலாவதி ராமநாதன் அம்மா. ஆஸ்திரேலியாவுல பிறந்து, இலங்கைத் தமிழரான சர் பொன்னம்பலம் ராமநாதனைக் கட்டிக்கிட்டு, முருகன்கிட்ட வந்து சேர்ந்தவங்க. இந்தக் கல்யாணத்துக்கு வேற எந்தக் கோயில் பொருத்தமா இருக்கும், சொல்லுங்க!

தாலியை முருகன் காலடியில வச்சு எடுத்தாங்க. கட்டுனது சர்ச்சுல. ஆயர்கிட்ட, அதாவது பிஷப்கிட்ட, முறையா அனுமதி வாங்கி, சர்ச்சுல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சு, அப்பத்தா பார்த்துக் கொடுத்த முகூர்த்த நேரத்துக்கே ஃபாதரும் சரின்னுட்டார். அந்தத் தாலியைக் கிட்டப் போய் வீடியோ எடுத்தேன், பாருங்க: மஞ்சக்கயித்துல ஒரு பக்கம் அவங்க குலத்துத் தாலி, பக்கத்துலயே சின்னதா சிலுவை. பழனி ஆசாரி செஞ்சது. ஃபாதர் மந்திரிச்சுக் கொடுக்க, மச்சான் ரெண்டு முடிச்சு போட்டார். மூணாவது முடிச்சு போட நாத்தனார் பீடத்துக்கு ஏறிப் போனப்போ பெரியம்மா அழுதுட்டாங்க. நானும்தான்.

சாப்பாடு சைவம். மலைப்பூண்டு ரசம், இலையில பஞ்சாமிர்தம், கூடவே எங்க வீட்டு பிளம் கேக்.

இதே மாதிரி கல்யாணம் யோசிக்கிறவங்களுக்கு ஒண்ணு. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்துல பதிவு பண்ணுங்க. யாரும் மதம் மாற வேண்டியதில்ல. சார்பதிவாளர் ஆபீஸ்ல நோட்டீஸ் கொடுத்தா 30 நாள் காத்திருக்கணும், கையெழுத்துக்கு 3 சாட்சி வேணும். நோட்டீஸ் கொடுத்து 3 மாசத்துக்குள்ள முடிக்கலைன்னா மறுபடி முதல்ல இருந்து. அதனால அந்தக் கணக்கைப் பார்த்துட்டு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுங்க.