கேட் வால்வைப் பாதி திறந்து வைக்காதீர்கள்

வணக்கம்ங்க. இன்றைக்கு ஒரு செத்துப்போன வால்வோடு உட்கார்ந்திருக்கிறேன். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், பாருங்கள். உள்ளே வெட்ஜ், அதாவது பாதையை அடைக்கும் தகடு, அதன் ஓரத்தில் கம்பியால் அறுத்த மாதிரி ஒரு கோடு ஓடுகிறதா? இது இரண்டு அங்குல கேட் வால்வு. திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் ஸ்டீம் லைனில் இருந்தது. வால்வு நல்ல வால்வுதான். அதற்குக் கொடுத்த வேலைதான் தப்பு.

சாய மெஷினுக்கு ஸ்டீம் அதிகமாகப் போகிறது என்று இதைக் கால்வாசி மட்டும் திறந்து வைத்து ஓட்டியிருக்கிறார்கள். ஏரி மதகில் பலகையை ஏற்றி இறக்குவோமே, கேட் வால்வும் அதே சங்கதிதான். ஆனால் ஸ்டீம் லைனில் திறந்தால் முழுசாகத் திறக்க வேண்டும், மூடினால் முழுசாக மூட வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்தச் சந்துக்குள் ஸ்டீம் சீறிக்கொண்டு போகும். கூடவே வரும் நீர்த்துளிகள் இரும்பையே அரித்துவிடும். வயர் டிராயிங் என்று ஃபிட்டர்கள் சொல்வது இதைத்தான். அப்புறம் எவ்வளவு இறுக்கி மூடினாலும் வால்வு பாஸ் ஆகும், அதாவது மூடிய பிறகும் ஸ்டீம் கசிந்து போகும். உடனே ஹேண்ட் வீலில் ஒரு பைப்பைச் செருகி முறுக்குவோம். ஸ்பிண்டில் என்கிற தண்டு வளையும், அது வெளியே வரும் இடத்தை அடைக்கும் கிளாண்டில் ஒழுகும். நானும் அப்படி முறுக்கியவன்தான்.

அங்கே இருக்க வேண்டியது குளோப் வால்வு. கூட்டவும் குறைக்கவும் செய்யப்பட்டது அது. அப்படியானால் எல்லா இடத்திலும் குளோப்பையே போட்டுவிடலாமே என்று கேட்காதீர்கள். உள்ளே பாதை மேலும் கீழுமாக வளைந்து போகும். முழுசாகத் திறந்திருந்தாலும் இரண்டு அங்குல குளோப் ஒன்று, சுமார் 17 மீட்டர் நேர்க்குழாய் தின்னும் அழுத்தத்தைத் தின்றுவிடும். கேட் வால்வில் அது அரை மீட்டர்கூட இல்லை. பம்ப் லைனில் நான்கைந்து குளோப்பை மாட்டிவிட்டுக் கரண்ட் பில்லைப் பார்த்து வருத்தப்பட வேண்டாம்.

கமெண்டில் நிறையப் பேர் கேட்பது பால் வால்வு (Ball valve), உள்ளே ஓட்டை போட்ட உருண்டை சுழலுமே, அது. கால் திருப்பு, வேலை முடிந்தது என்று எல்லோருக்கும் பிடிக்கும். தண்ணீருக்கும் காற்றுக்கும் நானும் அதைத்தான் சொல்வேன். ஸ்டீமுக்கு மட்டும் நிதானம். கேஜில் 10 பார் காட்டும் ஸ்டீம் சுமார் 184 டிகிரி இருக்கும். சாதாரண பால் வால்வின் சீட், அதாவது உருண்டை அழுந்தி உட்காரும் வளையம், டெஃப்லான். அது உருகுவது 327 டிகிரியில்தான். ஆனால் 200-ஐ நெருங்கும்போதே தளர்ந்துபோய், தாங்கும் அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடும். அதனால் வால்வில் பொறித்திருக்கும் அழுத்தத்தை மட்டும் நம்பாமல், எந்த வெப்பத்தில் எவ்வளவு தாங்கும் என்ற சார்ட்டைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஸ்டீமை மெதுவாகத்தான் திறக்க வேண்டும். பால் வால்வு ஒரு நொடியில் திறந்துவிடும். லைனில் தேங்கிக் கிடந்த தண்ணீரை ஸ்டீம் குண்டு மாதிரி தள்ளிக்கொண்டு போய் வளைவில் அடிக்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

சாயப்பட்டறையில் உப்புக் கரைசல் லைனும் உண்டு. கரையாத உப்பு பால் வால்வின் உள்ளே தங்கி சீட்டைக் கீறும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றாலும் குழி விழும். அங்கே ரப்பர் லைனிங் போட்ட டயஃப்ரம் வால்வு, அதாவது வளையும் சவ்வு அழுந்தி மூடும் வால்வு, எனக்குப் பிடிக்கும். கூலிங் டவரின் பெரிய லைனுக்கு, குழாய்க்குள் வட்டத் தட்டு சுழலும் பட்டர்ஃபிளை வால்வு, யோசிக்கவே வேண்டாம்.

சரி, அந்தப் பட்டறையில் என்ன செய்தோம் என்றால், லைனை அடைக்கப் புதிதாக ஒரு கேட், அதை அடுத்து கட்டுப்படுத்த ஒரு குளோப். மாட்டி முடித்துத் திறந்தால் குளோப்பைத் திருப்பவே கஷ்டமாக இருந்தது. பாடியில் அம்புக்குறி இருக்கும் அல்லவா, ஸ்டீம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று? அதன் மேல் கெட்டியாக சில்வர் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். சுரண்டிப் பார்த்தால் வால்வு முன்பின்னாக, எதிர்த் திசையில் மாட்டியிருந்தது. லைனை ஆற வைத்து, கழற்றித் திருப்பி மாட்டி முடிக்க ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது.