சைபரையும் எழுதி வைச்ச கொப்பி

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கமெல்லாம் இந்த நேரம் றேடியோவைப் போட்டுட்டு அடுப்படியிலயோ வயல் வரம்பிலயோ நிக்கிற எல்லாருக்கும் வணக்கம். ஆராய்ச்சிக்குக் காசு ஒதுக்கிறதைப் பற்றிக் கதைக்கச் சொல்லிக் கூப்பிட்டவை, அதிலயும் கொம்பியூட்டரில கணக்குப் போட்டு, டேட்டாவை வைச்சுச் செய்யிற ஆராய்ச்சியைப் பற்றி. நெல்லு விலையே சரியில்லாத நேரத்தில இது எங்களுக்கு என்னத்துக்கு எண்டு றேடியோவைத் திருப்பிப் போடாதேங்கோ, நான் கதைக்கப்போறது உங்கட குளத்தையும் உங்கட வயலையும் பற்றித்தான்.

2018 மார்கழி ஞாபகம் இருக்குத்தானே. இரணைமடுக் குளம் நிரம்பி வான் கதவுகளைத் திறந்து, இரவோட இரவாத் தண்ணி ஊருக்குள்ள வந்தது. கட்டிலுக்கு மேல கதிரையை வைச்சு அதுக்கு மேல பிள்ளையை இருத்தின வீடுகள் எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு எங்க போனாலும் சனம் கேட்ட கேள்வி ஒண்டுதான், இவ்வளவு தண்ணி வருமெண்டு எத்தினை மணித்தியாலத்துக்கு முன்னம் சொல்லியிருக்கலாம்? நல்ல கேள்வி. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் எவ்வளவு மழை பெய்தது, மண் ஏற்கனவே எவ்வளவு ஊறிக் கிடக்குது, அந்தத் தண்ணி கனகராயன் ஆத்தால இறங்கி வர எவ்வளவு நேரம் எடுக்கும், குளம் நிரம்புற மட்டமான 36 அடிக்கு இன்னும் எத்தினை அடி இருக்கு, இதுகளைப் போட்டால் விடை வரும். சமன்பாடு புத்தகத்தில கிடக்கு, மென்பொருள் சும்மா கிடைக்குது, கம்பஸ் பிள்ளையின்ர லப்டொப்பே அதுக்குப் போதும். இல்லாத சாமான் ஒண்டே ஒண்டுதான். குளத்துக்கு மேல இருக்கிற காடு கரையளில பெய்த மழையை வருசக்கணக்கா விடாம அளந்து எழுதின கணக்கு.

இந்த இடத்தில நான் என்ர பெரியப்பாவைப் பற்றிச் சொல்லோணும். கண்டாவளைப் பக்கம் வயல் செய்தவர். எட்டாம் வகுப்பு. ஆனா ஒவ்வொரு நாளும் காலமை எட்டரைக்கு முற்றத்தில இருந்த மழைமானியைத் தூக்கி, தண்ணியை அளவுச்சாடிக்குள்ள ஊத்தி, கண் மட்டத்துக்குப் பிடிச்சுப் பாத்து, சீ.ஆர் கொப்பியில எழுதுவார். திகதி, மில்லிமீற்றர், பக்கத்தில ஒரு சொல்லு. "காத்து." "இடி." "வான் பாயுது." ஆடி ஆவணியில ஒரு துளி இல்லை, அப்பவும் எழுதுவார். சைபர், சைபர், சைபர். பக்கம் முழுக்கச் சைபர். நான் சின்னப் பிள்ளையில கேட்டனான், மழை இல்லாட்டி ஏன் பெரியப்பா எழுதிறியள், சும்மா விடுங்கோவன் எண்டு. அதுக்கு அவர், "சும்மா விட்டா மழை பெய்யேல்லையோ, நான் பாக்கேல்லையோ எண்டு பிறகு பாக்கிறவனுக்கு எப்பிடியடா தெரியும்" எண்டார். நான் பிறகு கம்பஸில நாலு வருசம் படிச்சும் டேட்டாவைப் பற்றி இதுக்கு மேல ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்ல.

2009 இல எல்லாரும் இடம்பெயரேக்க என்னத்தை எடுத்தனாங்கள் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருவதுக்கு மேல கொப்பி இருந்தது, வந்து சேர்ந்தது ஒண்டு. பெரியம்மா பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் காணி உறுதியையும் மடங்காம இருக்கட்டுமெண்டு ஒரு கொப்பிக்கு நடுவில வைச்சு, பொலித்தீன் பையில கட்டி, நெஞ்சோட கொண்டுவந்தவ. அந்தக் கொப்பி இப்ப என்னட்ட இருக்கு. ஓரம் தண்ணி பட்டு மை கலைஞ்சிருக்கு, ஆனா எண்கள் வாசிக்கலாம்.

இதோட எனக்கு எப்பவும் ஞாபகம் வாறது ஒரு வெள்ளைக்காரன்ர கதை. லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், இங்கிலாந்துக்காரர். முதலாம் உலக யுத்தத்தில துவக்குத் தூக்க மாட்டன் எண்டுட்டு, பிரான்சில காயக்காரரை ஏத்திற அம்புலன்ஸ் ஓடினவர். ஓய்வு நேரத்தில வைக்கோல் குவியலுக்கு மேல இருந்து, நாளைய வானிலையைக் கணக்குப் போட்டே சொல்லலாமோ எண்டு பாத்திருக்கிறார். கொம்பியூட்டர் இல்லை, கையாலதான். 1910 வைகாசி 20ஆம் திகதிக் காலமை எடுத்த அளவுகளை வைச்சு, ஆறு மணித்தியாலத்துக்குக் காற்றமுக்கம் எவ்வளவு மாறும் எண்டு பாக்க அவருக்கு ஆறு கிழமையளவு போச்சுது. 1917 இல சண்டை இறுகேக்க கையெழுத்துப் பிரதியைப் பின்னுக்கு அனுப்பினவை, அது துலைஞ்சு போச்சுது. மாசக்கணக்குக்குப் பிறகு பெல்ஜியத்தில ஒரு நிலக்கரிக் குவியலுக்குக் கீழ கிடந்து எடுத்திருக்கினம். எனக்கு இதை வாசிக்கேக்க பெரியம்மாவின்ர பொலித்தீன் பைதான் கண்ணுக்கு முன்னால வந்தது.

கதை முடியேல்ல. அந்தக் கணக்கின்ர விடை பிழை. காற்றமுக்கம் 145 மில்லிபார் மாறும் எண்டு வந்தது, அண்டைக்கு உண்மையில பெரிசா மாற்றமே இல்லை. அவர் அந்தப் பிழையான விடையை மறைக்காம 1922 இல புத்தகமாப் போட்டார். பிறகு வந்தவை ஆராய்ஞ்சு பாத்தால், சமன்பாடு சரி, கணக்குப் போட்ட முறையும் சரி, தொடக்கத்தில போட்ட அளவுகள்தான் ஒண்டுக்கொண்டு ஒத்துவராம இருந்திருக்கு. அதைச் சீராக்கிப் போட்டுத் திருப்பிச் செய்ய நல்ல விடை வந்தது. 1950 இல அமெரிக்காவில எனியாக் எண்ட பெரிய மெஷினில அடுத்த ஒரு நாளின்ர வானிலையைக் கணிக்க ஒரு நாள் முழுக்க எடுத்தவை. இண்டைக்கு உங்கட போனில வாற மழை அறிவிப்பு அந்த வழியில வந்ததுதான். மெஷின் லட்சம் மடங்கு வேகமாகலாம், உள்ளுக்குப் போடுற அளவு பிழையெண்டால் பிழையான விடை லட்சம் மடங்கு வேகமா வரும். அவ்வளவுதான்.

சரி, காசுக்கு வருவம். இலங்கையில ஆராய்ச்சிக்குப் போற காசு நாட்டின்ர மொத்த உற்பத்தியில 0.1 வீதத்தை ஒட்டித்தான் கனகாலமா நிக்குது. நாடு நூறு ரூபா உழைச்சால் பத்துச் சதம். தென்கொரியாவில அதே நூறு ரூபாயில நாலு ரூபாய்க்கு மேல. பத்துச் சதம் காணாது, கூட்டோணும், அதில எனக்கு ரெண்டு கதை இல்லை. ஆனா அந்தப் பத்துச் சதமும் எதுக்குப் போகுது எண்டதுதான் என்ர கவலை. கிராண்ட் எண்டு வந்தால் முதல் வாங்கிறது மெஷின். கொம்பியூட்டர், சென்சர், ஏசி. ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கலாம். அதைப் பாக்கிற ஆளுக்குச் சம்பளம் எண்டு கேட்டால் ரெண்டு வருசம், மூண்டு வருசம், பிறகு காசு முடிஞ்சுது. ஆனா ஒரு இடத்தின்ர காலநிலை இதுதான் எண்டு சொல்ல உலக வானிலை அமைப்பு 30 வருசத்து அளவுகளை எடுக்குது, இப்ப பாவிக்கிறது 1991 இல இருந்து 2020 வரைக்கும். மூண்டு வருசக் காசால முப்பது வருச டேட்டாவை எப்பிடி எடுக்கிறது?

நான் கண்ணால கண்டதைச் சொல்லுறன். ஆற்றை பிரொஜெக்ட் எண்டு வேண்டாம். காட்டுக்கரையில ஒரு தானியங்கி மழைமானி வைச்சவை, நல்ல விலையான சாமான், தானா அளந்து தானா எழுதும். பிரொஜெக்ட் முடிஞ்சு ஒண்டரை வருசத்தால நானும் ரெண்டு பிள்ளையளும் அதைப் பாக்கப் போனம். பற்றரி உயிரோட, மெஷினும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டேட்டாவை இறக்கிப் பாத்தால் கார்த்திகை மாசம் முழுக்கச் சைபர். கார்த்திகையில, வன்னியில, சைபர்! மூடியைக் கழட்டிப் பாக்கிறம், புனலுக்குள்ள பாலைச் சருகு அடைஞ்சு, அதுக்கு மேல பறவை எச்சம் காய்ஞ்சு சீமெந்து மாதிரி, கீழ குளவி கூடு கட்டியிருக்கு. ஒரு துளி உள்ளுக்குப் போகேல்ல. மெஷின் நேர்மையா எழுதியிருக்கு, சைபர், சைபர் எண்டு. பெரியப்பாவும் சைபர்தான் எழுதினவர், ஆனா அவர் சாடியைக் கண் மட்டத்துக்குப் பிடிச்சுப் பாத்துட்டு எழுதினவர். அந்த மானியைப் பாக்க மாசத்தில ரெண்டு தரம் போய்வர ஒரு பெடியனுக்கு மோட்டச்சைக்கிள் பெற்றோலும் கைச்செலவும் குடுத்திருந்தால் காணும். அதுக்கு ஒருத்தரின்ர பட்ஜெட்டிலயும் இடம் இருக்கேல்ல.

இது எங்கட ஊரில மட்டும் நடக்கிற காரியம் எண்டு நினைக்காதேங்கோ. ஹவாய்த் தீவில மௌனா லோவா மலையில சார்ல்ஸ் டேவிட் கீலிங் எண்டவர் 1958 இல இருந்து காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டை அளந்தவர். 1964 இல காசு வெட்டினதால சில மாசம் அளவே இல்லை. அந்த வரிசையில இண்டைக்கும் அந்த இடம் வெறுமையாத்தான் கிடக்கு, இனி ஆராலயும் அதை நிரப்பேலாது. பிறகும் இது ஒரே வேலைதானே, புதுசா என்ன இருக்கு எண்டு கேட்டவை. மனுசன் விடேல்ல. பூமியைச் சூடாக்கிற அந்த வாயு காத்தில கூடிக்கொண்டு போகுது எண்டதை உலகம் நம்பினது அந்த வரிசையை வைச்சுத்தான். ஆராய்ச்சிக் காசு குடுக்கிற இடங்களில இருக்கிற ஆரும் கேட்டுக்கொண்டிருந்தால் இதை மட்டும் யோசியுங்கோ, ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிச் செய்யிற வேலைக்குக் காசு குடுங்கோ, நிப்பாட்டாதேங்கோ.

புரதங்களின்ர கதையையும் கெதியாச் சொல்லிப்போடுறன். உடம்புக்குள்ள வேலை செய்யிற இந்த மூலக்கூறுகளின்ர வடிவங்களைச் சேர்த்து வைக்கிற பொது டேட்டா வங்கி ஒண்டு 1971 இல ஏழே ஏழு வடிவத்தோட தொடங்கினது. ஐம்பது வருசத்தில ஒண்டரை லட்சத்துக்கு மேல சேர்ந்துது. அதைப் படிச்சுத்தான் அல்ஃபாஃபோல்ட் எண்ட செயற்கை நுண்ணறிவு புரத வடிவத்தைச் சொல்லப் பழகினது, 2024 இல நோபல் பரிசும் வந்தது. அம்பது வருசமாச் சேர்த்து வைச்ச கை இல்லாட்டி அந்த மெஷின் எதைப் படிச்சிருக்கும்?

அமெரிக்காவில இந்தக் கணிப்பு, டேட்டா விஞ்ஞானத்துக்கெண்டே அவையின்ர தேசிய விஞ்ஞான மன்றத்தில தனி நிதித் திட்டம் வைச்சிருந்தவை. அதைவிட எனக்குப் பிடிச்சது, 2011 தையில இருந்து ஆர் காசு கேட்டு எழுதினாலும், சேர்க்கிற டேட்டாவை எங்க வைப்பியள், பிறகு மற்றவை எப்பிடி எடுக்கலாம் எண்டு எழுதிக் குடுக்கோணும். இங்கயும் அதைக் கேக்கலாம், ஒரு சதச் செலவில்லை.

கண்ணாடிக்கு அங்கால இருந்து தங்கச்சி ரெண்டு விரல் காட்டுறா, ரெண்டு நிமிசம்தான் இருக்குதாம். செய்மதிப் படங்களைப் பற்றியும் சொல்ல நினைச்சனான், லாண்ட்சாட் எண்ட அமெரிக்கச் செய்மதியின்ர படம் 2008 இல இருந்து எல்லாருக்கும் இலவசம், அதை இன்னொரு நாளைக்குப் பாப்பம். கிளிநொச்சி அறிவியல் நகரில யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடம் இருக்கு, வவுனியா 2021 இல இருந்து தனிப் பல்கலைக்கழகம், ரெண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரு டேட்டா களஞ்சியமும் அதைப் பாக்க நிரந்தரமா மூண்டு பேரும், இதுதான் நான் கேக்கிறது, விரிவாச் சொல்ல நேரமில்லை.

கடைசியா உங்களட்ட ஒண்டு. வீட்டில பழைய கொப்பி, கமக்கார அமைப்பின்ர குளத்து மட்டக் கணக்கு, மழை எழுதின டயறி எது கிடந்தாலும் கறையானுக்கு விடாதேங்கோ. வெயில் நேரம் முற்றத்தில வைச்சுப் போனால படம் எடுங்கோ, ஒவ்வொரு பக்கமா, வெறும் பக்கத்தையும் சேர்த்து. அட்டையையும் எடுங்கோ, அதிலதான் பேரும் ஆண்டும் இருக்கும். மானி முற்றத்தில எந்த இடத்தில நிண்டது, பக்கத்தில மரம் இருந்ததோ எண்டு அம்மம்மாவைக் கேட்டு எழுதி வையுங்கோ. பக்கத்து வீட்டில கம்பஸ் போற பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையிட்டக் குடுங்கோ, என்ன செய்யிறதெண்டு அதுக்குத் தெரியும். நன்றி, வணக்கம்.