குதிரையிடம் சொன்ன கதை

நண்பர்களே,

சித்தப்பா இறந்தபோது, துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும் சித்தி முதலிலிருந்து ஆரம்பிப்பார். காலையில் காபி கேட்டது, பாதியில் டம்ளரை வைத்தது, நெஞ்சைப் பிடித்தது, ஆட்டோ கிடைக்காதது. வரிசைகூட மாறாது. பத்தாவது தடவை எனக்குச் சலித்துப்போய் வாசலுக்கு எழுந்து போய்விட்டேன். அப்போது நான் செகாவைப் படித்திருக்கவில்லை.

செகாவ் ரஷ்ய எழுத்தாளர், டாக்டரும்கூட. 1886-இல், 26 வயதில், ஒரு சின்னக் கதை எழுதினார். பீட்டர்ஸ்பர்க் நகரம், பனி கொட்டும் அந்திநேரம். இயோனா என்கிற வண்டிக்காரக் கிழவர். அந்த வாரம்தான் மகனைப் பறிகொடுத்திருக்கிறார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வண்டியில் ஏறிய ராணுவ அதிகாரி, “எதனால் செத்தான்?” என்று கேட்கத்தான் கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார். அடுத்து மூன்று இளைஞர்கள். 20 கோபெக் கட்டுப்படியாகாத கூலி, ஆனாலும் கிழவர் பேரம் பேசவில்லை. வண்டியில் ஆள் இருந்தால் போதும் அவருக்கு. மகன் செத்த சேதியைச் சொன்னதும் அவர்களில் கூன் விழுந்த ஒருவன் பெருமூச்சு விட்டு, “எல்லாரும்தான் சாகப்போகிறோம். சரி, ஓட்டு, ஓட்டு!” என்கிறான்.

யார் மறுக்க முடியும்? சாவு வீட்டில் நாமும் இதைத்தானே சொல்லிவிட்டு வருகிறோம்? அப்பழுக்கில்லாத உண்மை. கிழவருக்குத்தான் அதனால் காலணா பிரயோஜனமில்லை.

அவருக்கு என்ன வேண்டும் என்பது கதை எழுதியவருக்குத் தெரிகிறது. மகன் எப்படிப் படுத்தான், சாகுமுன் என்ன சொன்னான், அடக்கம் எப்படி நடந்தது, அவன் துணிமணிகளை வாங்கிவர ஆஸ்பத்திரிக்குப் போனது... எல்லாவற்றையும் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் “அடடா” என்று அங்கலாய்க்க வேண்டும். அந்தத் துணிமணி ஒரு டாக்டருக்குத்தான் தோன்றும் என்று எனக்கு ஒரு எண்ணம். அந்த இடத்தில்தான் எனக்குச் சித்தி நினைவு வந்தது. ‘விசாரிப்பது’ என்று நம் ஆட்கள் சும்மாவா பெயர் வைத்தார்கள்!

கடைசியில் கிழவர் தன் குதிரையிடம் போகிறார். ஓட்ஸ் வாங்கும் அளவுக்கு அன்று வரும்படி இல்லை. அது வைக்கோலை மென்றுகொண்டிருக்கிறது. “உனக்கு ஒரு குட்டி இருந்து, அது செத்துப்போனால் உனக்கு வருத்தமாக இருக்காதா?” என்று கேட்கிறார். குதிரை அவர் கையில் மூச்சு விடுகிறது. அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். என்ன சொன்னார் என்று செகாவ் எழுதவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். “அன்னைக்குக் காலையில என்னதான் ஆச்சு சித்தி?” என்று கேட்டேன்.

காபியிலிருந்து ஆரம்பித்தார்.