அகேவ் கன்னு பிரிக்கலாம் வாங்க: தண்ணிக்குடத்தை மட்டும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்க

[காட்சி: மாடியில் ஒரு மூலை. சிமெண்ட் தொட்டியில் மஞ்சள் விளிம்பு போட்ட அகேவ். கேமரா மெல்ல அடிப்பக்கம் இறங்குகிறது.]

வணக்கங்க. இந்தத் தொட்டியில நான் வச்சது ஒரே ஒரு செடி. இப்ப எண்ணிப் பாருங்க, தாயோட சேர்த்து ஏழு. வரப்புல வேலியா நிக்குமே ஆனைக் கத்தாழை, அதேதான். இது கொஞ்சம் மஞ்சக்கரை கட்டினது, அவ்வளவுதான்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஜூஸ் போடுற சோத்துக் கத்தாழை வேற, இது வேற. இது மெக்சிகோ பக்கத்துச் செடி. இதோட சாறு தோல்ல பட்டா அரிச்சுத் தள்ளிடும். உள்ள ஊசி ஊசியா கால்சியம் ஆக்ஸலேட் படிகம் இருக்கு. கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி. கண்ணாடி எதுக்குன்னு சிரிக்காதீங்க, நாம குனியுற உயரத்துக்குச் சரியாத்தான் அந்த நுனிமுள் நிக்கும்.

[காட்சி: மண்ணைக் கையால் விலக்க, தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் வெள்ளைத் தண்டு தெரிகிறது.]

வாழை வச்சவங்களுக்கு இதைப் புரியவைக்கவே வேண்டாம். தாய் மண்ணுக்கடியில ஒரு தண்டை ஓட்டும், அது முனையில கன்னு எட்டிப் பார்க்கும். வாழை மாதிரியே இதுவும் ஒரே தடவை பூத்துட்டுச் செத்துப்போகும். ஆனா வாழைக்கு ஒரு வருஷம்னா, இதுக்குப் பத்துல இருந்து முப்பது வருஷம் ஆகலாம்.

"இலையைக் கிள்ளி நட்டா வருமா?" வராதுங்க. ஸ்னேக் பிளான்ட்ல வரும், இதுல அழுகத்தான் செய்யும். இலையில புதுக் குருத்து விடுற சக்தி கிடையாது.

கன்னு ஒரு சாண் உயரம், அஞ்சாறு இலை வர்ற வரைக்கும் பொறுங்க. கட்டைவிரல் அளவுக் குட்டியைப் பிரிச்சா பிழைக்கலாம், ஆனா ஒரு வருஷம் அப்படியே உக்காந்திருக்கும்.

[காட்சி: ஹாக்ஸா பிளேடைத் தீயில் காட்டித் துடைப்பது. பிறகு வெட்டு.]

மண்ணை விலக்கி, இணைப்புத் தண்டைக் கன்னுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி அறுங்க. பிடிச்சு இழுக்காதீங்க, வேர் அங்கேயே நின்னுடும். வேரே இல்லாம வந்தாலும் கவலை இல்லை, புதுசா விடும்.

இனிமேதான் விஷயமே இருக்கு. வெட்டின கன்னை உடனே நடக்கூடாது. நிழல்ல, காத்து வர்ற இடத்துல நாலஞ்சு நாள் சும்மா கிடக்கட்டும்.

[காட்சி: வெட்டுவாய் அருகில். முதல் நாள் ஈரம் மின்னுகிறது. ஐந்தாம் நாள் பழுப்பாக, காய்ந்த பலாக்கொட்டைத் தோல் போல.]

நகத்தால தட்டினா டொக்குன்னு கேக்கணும். அப்பதான் காயம் மூடிக்கிச்சுன்னு அர்த்தம்.

நான் இதைக் கத்துக்கிட்டது நாலு கன்னைச் சாகடிச்ச பிறகுதான். ஐப்பசி மாசம், நல்ல மழை. "ஈரத்துல வச்சா நல்லா பிடிக்கும்"னு வெட்டின அன்னிக்கே நட்டு, மேல ஒரு செம்பு தண்ணியும் ஊத்தினேன். ரெண்டு வாரம் பச்சையாத்தான் நின்னுச்சு. நடுக்குருத்தைத் தொட்டேன், கையோட வந்துடுச்சு. அடியில அழுகின வெங்காய வாடை. இப்பல்லாம் தை, மாசியில மட்டும்தான் பிரிக்கிறேன்.

மண்ணு ரொம்ப சாதாரணம். செம்மண் ஒரு பங்கு, கரடு மணல் ஒரு பங்கு, உடைச்ச செங்கல் ஒரு பங்கு. தேங்காய் நார்க்கழிவு வேண்டாம், ஈரத்தை விடாது. தொட்டி அடியில ஓட்டை கண்டிப்பா வேணும். கழுத்து வரைக்கும் புதைக்காதீங்க, அடி மட்டும் மூடினாப் போதும். சாஞ்சா ரெண்டு கல்லை முட்டுக் கொடுங்க. ஒரு வாரம் கழிச்சு முதல் தண்ணி. அப்புறம் மண் முழுசாக் காஞ்ச பிறகு அடுத்தது. வெயிலைப் படிப்படியாப் பழக்குங்க, நேரா உச்சி வெயில்ல வச்சா இலை வெளுத்துப்போகும்.

[காட்சி: வேலியோரம் இருபது அடிக்கு மேல் எழுந்த பூந்தண்டு. கிளை நுனிகளில் குட்டிச் செடிகள்.]

நார் எடுக்கிற சிசல் வகையில இன்னொரு வழியும் இருக்கு. பூ உதிர்ந்த தண்டுலயே குட்டிச் செடி கொத்துக் கொத்தா முளைச்சுக் கீழ விழும். பொறுக்கி மண்ணு மேல வச்சாலே வேர் விட்டுடும்.

டெக்கீலாங்கிற மதுபானம் எடுக்கிற நீல அகேவையும் மெக்சிகோவுல ஹலிஸ்கோ மாநிலத்துக்காரங்க பக்கக்கன்னு வச்சுத்தான் வளர்க்கிறாங்க. பூந்தண்டு கிளம்பினா வெட்டிடுவாங்க, இல்லைன்னா அடித்தண்டுல சேர்த்த இனிப்பெல்லாம் பூவுக்குப் போயிடும். அதனால காடு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே செடியோட நகல்தான். நோய் வந்தா மொத்தமா வரும். நம்ம மாடிக்கு அந்தக் கவலை இல்லை.

[காட்சி: சின்னத் தொட்டியில் நட்ட கன்று. இரண்டு விரலால் மெல்ல மேலே இழுத்துப் பார்ப்பது.]

இது நட்டு ஆறு வாரம் ஆகுது. லேசா இழுக்கறேன், பாருங்க... வரலை. மண்ணைப் பிடிச்சுக்கிச்சு.