இன்னும் ஐந்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

வானொலியில் பேச அழைப்பு வந்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது 1947 செப்டம்பர் 14. கையாலும் காலாலும் ஆடும் அயர்லாந்தின் சொந்தக் கால்பந்தான கேலிக் கால்பந்தின் இறுதிப்போட்டி அன்று நியூயார்க்கில், போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடந்தது. அயர்லாந்துப் பெரும்பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டான 1847-இன் நூறாம் ஆண்டு நினைவு அது. பஞ்சம் பிழைக்கக் கப்பலேறியவர்களின் வாரிசுகள் வாழும் நகரம் தேடி, அந்த ஒரே ஒரு முறை, இறுதிப்போட்டி கடல் தாண்டி வந்தது. கேவன், கெர்ரி என்ற இரு அயர்லாந்து மாவட்ட அணிகள் மோதின. ஆட்டம் நீண்டது, அயர்லாந்துக்கு எடுத்திருந்த தொலைபேசி இணைப்பின் நேரமோ முடியப்போகிறது. வானொலி வர்ணனையாளர் மைக்கேல் ஓஹேஹிர் ஒலிபரப்பிலேயே, இன்னும் ஐந்து நிமிடம் இணைப்பைத் துண்டிக்காதீர்கள் என்று மன்றாடினார். யாரும் துண்டிக்கவில்லை. கேவன் வென்றதை ஊரே கேட்டது.

என் மகள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஓர் அயர்லாந்து விளையாட்டுக் கழகத்தில் கமோகி ஆடுகிறாள். மட்டையால் பந்தடிக்கும் அயர்லாந்து ஆட்டமான ஹர்லிங்கைப் பெண்கள் ஆடினால் அது கமோகி. அவளைக் கொண்டுவிடப் போன நான் நான்கு ஆண்டுகளாக அந்தக் கழகத்தின் பொருளாளர். மைதான வாடகை, காப்பீடு, மட்டை எல்லாவற்றுக்கும் விருந்து நடத்தியும் குலுக்கல் சீட்டு விற்றும் காசு சேர்க்கிறோம். மட்டையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். ஆஷ் மரத்தின் வேரை ஒட்டிய அடிமரத்தில் அறுத்தால்தான் மர ரேகை மட்டையின் வளைவோடு வளைந்து வரும். முறியும்போது அந்த ரேகை வழியே நார் நாராகப் பிளக்கும். என் காரின் பின்பெட்டியில் எப்போதும் அந்தச் சிம்புகள் கிடக்கும். இப்போது அந்த மரங்களையே ஒரு பூஞ்சை நோய் கொன்றுவருகிறது.

ஆனால் மட்டையைவிட ஆள் கிடைப்பதுதான் கடினம். ஒரு காலத்தில் அயர்லாந்திலிருந்து புதிதாக வந்து இறங்கியவருக்கு வேலையும் அறையும் கழகத்தில்தான் கிடைத்தன. இன்று விசா கெடுபிடியில் பலர் கோடைக்கு மட்டும் வந்து திரும்பிவிடுகிறார்கள். அவர்களை வரவழைக்கச் செலவிடும் பணத்தை முதலில் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் செலவிட வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் வாதாடுகிறேன். அயர்லாந்தின் கானக்ட் மாகாணக் கேலிக் கால்பந்துப் போட்டியில் 1999 முதல் ஆடிய நியூயார்க் அணி, 2023 ஏப்ரலில்தான் அந்த மாகாணத்தின் லீட்ரிம் அணியைப் பெனால்டியில் வீழ்த்தி முதல் வெற்றி கண்டது. அந்த இரவு பிராங்ஸில் உள்ள கேலிக் பார்க் மைதானத்தில் எழுந்த ஆரவாரத்தை நான் மறக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். 26 அங்குல மட்டையைக் கையில் கொடுத்தேன். பயிற்சி முடிந்ததும், இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டான். கொண்டுபோ, செவ்வாய்க்கிழமை மறக்காமல் எடுத்து வா என்றேன்.